"அப்பாவிப் பெண்" என்று போலீஸ் சொன்னபோது

நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி ரிப்பர்' ஆவணத் தொடரை இரண்டாவது தடவையாகப் பார்த்து முடித்தேன். நான்கு பகுதி. 2020 டிசம்பரில் வந்தபோது பார்த்ததுதான். அப்போது கொலைகாரனை எப்போது பிடிப்பார்கள் என்ற படபடப்பிலேயே பொழுது போய்விட்டது. இந்தத் தடவை முடிவு தெரியும் என்பதால், போலீஸ் அதிகாரிகள் பேசுவதை நிதானமாகக் கேட்டேன். மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு: பீட்டர் சட்கிளிஃப், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் லாரி ஓட்டியவன். பத்திரிகைகள் வைத்த பட்டப்பெயர் 'யார்க்ஷயர் ரிப்பர்'. 1975-லிருந்து 1980 வரை 13 பெண்களைக் கொன்றான். இன்னும் ஏழு பேரைக் கொல்ல முயன்றதற்கும் சேர்த்துத்தான் 1981-ல் தண்டனை. இந்த இடைவெளியில் போலீஸ் அவனை ஒன்பது தடவை விசாரித்து, ஒன்பது தடவையும் விட்டுவிட்டது.

ஏன் விட்டார்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது அந்த கேசட்டைத்தான். 1979 ஜூனில் போலீஸுக்கு வந்த ஒரு கேசட்டில், தானே கொலைகாரன் என்று சொல்லிக்கொண்டு "நான்தான் ஜாக்" என்று ஒரு குரல் பேசியது. சண்டர்லாந்து பக்கத்துப் பேச்சு. தலைமை அதிகாரி ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்ட் அதை அப்படியே நம்பினார். அடுத்த மாதமே ஆண்ட்ரூ லாப்டியூ என்ற கான்ஸ்டபிள் சட்கிளிஃபை விசாரித்துவிட்டு, இவன் மேல் சந்தேகம் இருக்கிறது என்று அறிக்கை எழுதினார். பேச்சு கேசட்டோடும், கையெழுத்து அதே ஆள் அனுப்பிய கடிதங்களோடும் ஒத்துப்போகவில்லை என்று அதை ஓரம் கட்டிவிட்டார்கள். கேசட் அனுப்பியவன் வெறும் புளுகன் என்பது 1981-ல் சட்கிளிஃப் பிடிபட்டபோதே தெரிந்துவிட்டது; அந்தப் புளுகன் யார் என்பது 2005-ல்தான் டிஎன்ஏ மூலம் தெரிந்தது.

சரி, கேசட் பெரிய சறுக்கல்தான். ஆனால் அது வருவதற்கு நான்கு வருஷம் முன்பே விசாரணை தடம் மாறிவிட்டது.

1975 அக்டோபர் 30. லீட்ஸ் நகரம், இன்னும் விடியவில்லை. இரவு வெளியே போன அம்மா வீடு திரும்பவில்லை என்று இரண்டு பிள்ளைகள் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறார்கள், ஏதாவது ஒரு பஸ்ஸில் வந்து இறங்குவாள் என்று. அதில் ஒருவன் ஐந்து வயது ரிச்சர்ட். அம்மா வில்மா மெக்கான், வயது 28, நான்கு பிள்ளைகள். வீட்டுக்குப் பக்கத்து விளையாட்டு மைதானத்திலேயே அவர் இறந்து கிடந்தார். இதன் பிறகு போலீஸ் ஒரு முடிவுக்கு வந்தது: இவன் விபச்சாரிகளை வெறுப்பவன், அவர்களை மட்டும்தான் கொல்வான். அங்கிருந்து எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடி வழியாகவே பார்த்தார்கள்.

வில்மா சாவதற்கு முந்தைய ஜூலை, ஆகஸ்டிலேயே அவன் மூன்று பேரைச் சுத்தியலால் தாக்கியிருந்தான். மூவருமே பாலியல் தொழிலாளிகள் இல்லை. ஒருத்தி சில்ஸ்டன் கிராமத்துப் பள்ளி மாணவி, 14 வயது. அவளோடு பேசிக்கொண்டே நெடுந்தூரம் நடந்து வந்துதான் அடித்தான். அவ்வளவு நேரம் அருகில் பார்த்த முகம் என்பதால் அவள் சொல்லித் தயாரித்த படம் அச்சு அசல் அவனேதான். தாடி, மீசை, சுருள் முடி. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை 'அவன் வகை' ஆள் இல்லையே! அந்தப் படம் இந்த வழக்கோடு சேரவே இல்லை.

1976 மே மாதம் லீட்ஸில் 20 வயதுக் கறுப்பினப் பெண் ஒருவர். மண்டை உடைந்தும் உயிர் பிழைத்தார், வயிற்றிலிருந்த குழந்தை பிழைக்கவில்லை. அவரும் ஆளை நன்றாக அடையாளம் சொன்னார். போலீஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. 1981 குற்றப்பத்திரிகையில் அவர் மேல் நடந்த தாக்குதலும் இருந்தது!

உயிர் தப்பியவர்களில் சிலர், அவன் பேசியது உள்ளூர்ப் பேச்சு என்றும் சொல்லியிருந்தார்கள். கண்ணால் பார்த்து, காதால் கேட்டுவிட்டுப் பிழைத்து வந்த பெண்களைவிட, தபாலில் வந்த கேசட்டை நம்பினார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான்.

1977 ஜூனில் ஜெய்ன் மெக்டொனால்ட் கொல்லப்பட்டாள். 16 வயது, சூப்பர்மார்க்கெட்டில் வேலை. காலையில் விளையாட வந்த குழந்தைகள்தான் உடலைப் பார்த்தார்கள். அப்போதுதான் 'அப்பாவிப் பெண்' என்ற பேச்சே வருகிறது. அப்படியானால் அதுவரை செத்தவர்கள்? 1979-ல் ஜிம் ஹாப்சன் என்ற மூத்த அதிகாரி பகிரங்கமாகச் சொன்னார்: அவனுக்கு விபச்சாரிகளைப் பிடிக்காது, பலருக்கும்தான் பிடிக்காது, ஆனால் இப்போது அப்பாவிப் பெண்களையும் கொல்கிறான் என்று. 1981-ல் அரசுத் தலைமை வழக்கறிஞர் மைக்கேல் ஹேவர்ஸ் நீதிமன்றத்திலேயே, செத்தவர்களில் சிலர் விபச்சாரிகள் இல்லை என்பதுதான் இதில் மிகவும் சோகமானது என்கிற மாதிரி பேசினார். வெளியே பெண்கள் திரண்டு கண்டனம் தெரிவித்தார்கள். 'குடும்பப் பெண்' என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த நமக்கு இந்தத் தரம் பிரிப்பு புரியாமல் இருக்காது.

தொடர் இதையெல்லாம் காட்டுகிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். பெண்கள் ராத்திரியில் வெளியே வராதீர்கள் என்று போலீஸ் சொன்னதையும், 1977 நவம்பரில் லீட்ஸ் பெண்கள் ராத்திரியிலேயே ஊர்வலம் போனதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் தலைப்பு மட்டும் அவனுடைய பட்டப்பெயர். வேண்டாம் என்று கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தினர் கேட்டார்கள், பஸ் ஸ்டாப்பில் நின்ற அந்த ரிச்சர்ட் உட்பட. கேட்டும் மாற்றவில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை.

2020 நவம்பரில் அவன் செத்த பிறகு, அந்தக் காலத்தில் பயன்படுத்திய வார்த்தைகளுக்காக மேற்கு யார்க்ஷயர் போலீஸ் மன்னிப்புக் கேட்டது. 45 வருஷம் கழித்து.

அந்த சில்ஸ்டன் பிள்ளை? அவளை அடித்ததும் தான்தான் என்று அவன் 1992-ல் ஒப்புக்கொண்டான். அதற்காக அவன் மேல் கடைசிவரை வழக்கே போடவில்லை.