லீவு நாளிலும் ஐடி கார்டு

அக்டோபர் இங்கே மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். பிறந்தால் போதும், அமெரிக்காவில் தயிர் டப்பா மூடி வரைக்கும் ரோஸ் கலர்தான். எங்கள் ஆபீஸிலும் ஆளுக்கொரு ரிப்பன் கொடுத்தார்கள். பக்கத்து சீட் தோழி வாங்கிய கையோடு அதை டிராயரில் போட்டு மூடினாள். கறுப்பினப் பெண், வயது 43. "எனக்கு விழிப்புணர்வு நிறையவே இருக்கு. என் டாக்டர் சட்டையிலதான் ஒண்ணு குத்திவிடணும்" என்றாள்.

சிரித்துவிட்டேன். விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. இங்கே மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளைக்காரப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்குச் சற்றுக் குறைவு. அதில் சாவது மட்டும் சுமார் 40 சதவீதம் அதிகம். 50 வயதுக்குள் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நோயின் வகை ஒரு காரணம். டிரிபிள் நெகட்டிவ் என்பது இவர்களுக்கு இரு மடங்கு வருகிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 என மருந்து பிடித்துக்கொள்ள வேண்டிய மூன்று கொக்கியும் அந்தக் கட்டியில் கிடையாது. டமாக்சிஃபென் மாதிரி ஹார்மோனைத் தடுக்கும் மருந்து கொடுத்தும் பயனில்லை. (அந்தப் புரோஜெஸ்டிரோன் கொக்கியை ஆராய்ந்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலன். கமலா ஹாரிஸின் அம்மா.) ஆனால் எல்லாப் பழியையும் செல்லின் தலையில் கட்ட முடியாது. மருந்துக்குக் கட்டுப்படுகிற வகைகளிலும் கறுப்பினப் பெண்கள்தான் அதிகம் சாகிறார்கள். எல்லாரும் 40 வயதிலேயே மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தொடங்குங்கள் என்று தேசிய வல்லுநர் குழு மறுபடி சொன்னது 2024இல்தான். 2009 முதல் அதுவரை 50க்குக் கீழே "உங்கள் விருப்பம்".

"அவங்க டாக்டரை நம்ப மாட்டாங்க, செக்கப் போக மாட்டாங்க" என்று நம் ஆட்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். எப்படி நம்புவார்கள்? ஃபேனி லூ ஹேமர், மிசிசிப்பியில் பருத்திக்காட்டு உழைப்பாளி, பிறகு வாக்குரிமைப் போராளி. 1961இல் கர்ப்பப்பைக் கட்டியை எடுக்கப் போனார். கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. பண்ணையில் பேச்சு சுற்றி வந்துதான் அவருக்கே தெரிந்தது. 'மிசிசிப்பி அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்' என்று பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு அங்கே அது சகஜம். அதே ஹேமர் 1977இல், 59 வயதில், மார்பகப் புற்றுநோயும் ரத்தக்கொதிப்புமாக இறந்துபோனார்.

என் தோழிக்கும் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி. மாதம் பத்து நாள் ரத்தப்போக்கு. கறுப்பு பேண்ட் தவிர வேறு நிறத்தில் அவளை நான் பார்த்ததில்லை. ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். "சிலருக்கு அப்படித்தான்" என்றே நான்கு வருடம் அனுப்பிவைத்தார்கள். இப்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. "ஆறு மாசம் பார்ப்போம்" என்றாராம் டாக்டர். இவள் எழுந்திருக்கவில்லை. "ஸ்கேன் வேண்டாம்னு நீங்க சொன்னதை என் ஃபைல்ல எழுதிக் கொடுங்க" என்றிருக்கிறாள். ஐந்து நிமிடத்தில் தேதி கிடைத்தது. (அவள் எழுதச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.)

வரும் செவ்வாய்க்கிழமை ஸ்கேன். லீவு போட்டிருக்கிறாள். ஆனாலும் ஆபீஸ் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போவாளாம்.

"அது தொங்கினா நான் சொல்றதை இன்னும் ரெண்டு நிமிஷம் கூடக் கேக்கறாங்க" என்றாள்.