கையெழுத்து சர்வரில் போடப்படுவதில்லை

எத்தீரியம் பிளாக்செயினோடு பேச உதவும் ஈதர்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் பரிவர்த்தனை அனுப்பினால் நம் பிரைவேட் கீ (கணக்கின் ரகசியச் சாவி), நம் கோரிக்கைகளை நெட்வொர்க்குக்குக் கொண்டுபோகும் ஆர்பிசி சர்வருக்குப் போகிறது, கையெழுத்து அங்கேதான் போடப்படுகிறது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை நண்பரே. கீயை வைத்து வாலட் உருவாக்கும்போது, கையெழுத்து உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் கணினியிலேயே முடிந்துவிடுகிறது. சர்வரிடம் நான்ஸ் (கணக்கின் பரிவர்த்தனை வரிசை எண்), கேஸ் விலை (பரிவர்த்தனைக் கட்டணத்தின் அலகு விலை) மாதிரி விவரங்களைக் கேட்டு வாங்கும். அப்புறம் கையெழுத்தான பரிவர்த்தனையை மட்டும் அனுப்பும், கீயை அல்ல.

என் வார்த்தையை நம்ப வேண்டாம், ஐந்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம். பணம் எதுவும் இல்லாத புதிய கீ ஒன்றை எடுங்கள். பெறுநர் முகவரி, தொகை, நான்ஸ், செயின் ஐடி (எந்த நெட்வொர்க் என்று சொல்லும் எண்), கேஸ் வரம்பு, கட்டண உச்சவரம்பு எல்லாவற்றையும் நீங்களே நிரப்புங்கள். வைஃபையை அணைத்துவிட்டு 'சைன்டிரான்சாக்‌ஷன்' செயல்பாட்டை ஓட்டுங்கள். இணையமே இல்லாமல் ஒரு நீண்ட ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) சரம் வரும். எத்தீரியத்தின் 2021 லண்டன் மேம்படுத்தலில் வந்த பரிவர்த்தனை வகை என்றால் 0x என்ற முன்னொட்டுக்கு அடுத்து 02 என்று தொடங்கும். அதற்குள் உங்கள் 64 இலக்கக் கீயைத் தேடிப் பாருங்கள், இருக்காது.

அதே சரத்தை, ஈதர்ஸ் 6 என்றால், 'டிரான்சாக்‌ஷன்.ஃப்ரம்' செயல்பாட்டுக்குக் கொடுங்கள். கீ இல்லாமலே அனுப்புநர் முகவரி சரியாக வரும், ஏனென்றால் அது கையெழுத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. நெட்வொர்க்கை நடத்தும் கணினிகளான கணுக்களும் இப்படித்தான் அனுப்பியவரைக் கண்டுகொள்கின்றன.