தாத்தா எந்த வயதில் ஓய்வு பெற்றார்?

எங்கள் வீட்டில் யாருக்கும் இதற்குப் பதில் தெரியாது. தாத்தா கைத்தறி நெசவாளி. குழித்தறியில் மிதிக்கக் கால் ஒத்துழைக்காத நாளில் தறியைப் பெரியப்பாவிடம் விட்டார். பிறகு விடியற்காலையில் தெருவில் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) போடும்போது அறுந்த இழைகளைப் பிணைத்துக் கொடுத்தார். கண் மங்கியதும் திண்ணையில் ராட்டையோடு உட்கார்ந்து, குறுக்கே ஓடும் நூலைச் சிறு குச்சிகளில் ஏற்றித் தார் சுற்றினார். நூல் அறுந்தால் விரலுக்கே தெரிந்துவிடும் என்பார். வேலை அவரோடு சேர்ந்து மூப்படைந்தது. (இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, சுற்றாவிட்டால் கூலி குறையும் என்பதும் உண்மைதான்.)

சித்தப்பா கோவைப் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் போனார். மாதச் சம்பளம், போனஸ், வருங்கால வைப்பு நிதி. ஊரே பொறாமைப்பட்டது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு அந்த வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. எத்தனையோ குடும்பங்கள் அதனால்தான் தலைநிமிர்ந்தன. ஆனால் நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்துக்கு ஒரே வேகம்தான். இருபது வயதுக்காரனுக்கும் ஐம்பது வயதுக்காரனுக்கும் அது ஒரே மாதிரி சுற்றும். ஐம்பதைத் தாண்டிய சித்தப்பா கழிவுப் பஞ்சு கூட்டும் வேலைக்கு மாற்றப்பட்டார். 54 வயதில் விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கினார்கள். விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள். அவர் நின்ற இடத்தில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்த பதினெட்டு வயதுப் பெண்கள் நின்றார்கள்.

வயதானவர்களால் உழைக்க முடியாது என்று நாம் சொல்வதெல்லாம் இயந்திரத்தின் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு என்பேன். ஓய்வு வயது என்ற சொல்லே ஆலைக்குப் பிறகு பிறந்ததுதானே? ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் 1889இல் ஜெர்மானியத் தொழிலாளர்களுக்கு முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது வயதை 70 என்று வைத்தார். அது 65 ஆனது 1916இல். பிரிட்டன் 1908இல் சட்டம் போட்டபோதும் 70தான். அத்தனை வயது வரை எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஆனாலும் அரசு ஏதோ ஒரு பொறுப்பை ஒப்புக்கொண்டது. இங்கே 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். சித்தப்பாவுக்கு அதைவிடச் சில நூறு கூடுதல். பல்லடம், சோமனூர் விசைத்தறிக் கூடங்களில் நான்கு தறி, ஆறு தறி பார்த்துக்கொண்டு இரவு முழுக்க நிற்பவர்களில் பலருக்கு அதுவும் இல்லை.

சித்தப்பாவுக்கு இப்போது 67. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் காவலாளி. இரவு எட்டு முதல் காலை எட்டு வரை. சீருடைச் சட்டை இரண்டு அளவு பெரிது. போன மாதம் பார்த்தபோது, உள்ளே ஓடும் இயந்திரங்களின் சத்தத்தைக் கேட்டு எதில் நூல் அறுந்திருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.