கன்னா வாங்குகிறவர்கள் முதலில் கட்டையைப் பாருங்கள்

ஜப்பானிய இழைப்புளியான கன்னாவை வாங்க விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, வெள்ளைக் காகித எஃகு நல்லதா, நீலக் காகித எஃகு நல்லதா என்பதைத்தான். (எஃகில் காகிதம் எதுவும் இல்லை, ஆலையில் ஒட்டும் தாளின் நிறமே பெயராகிவிட்டது.) கேள்வியில் தவறில்லை. நீல எஃகில் டங்ஸ்டனும் குரோமியமும் சேர்வதால் தேக்கில் கூர் சற்றுக் கூடுதலாக நிற்கும். வெள்ளை எஃகைக் கல்லில் எளிதாகத் தீட்டலாம். ஆனால் ராயபுரத்தில், கடலுக்கு நாலு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் என் அனுபவத்தில், அதெல்லாம் இரண்டாவது கேள்வி.

கன்னாவில் தகட்டை இறுக்க ஆப்பு கிடையாது. மேலே தடித்துக் கீழே மெலியும் தகடு, ஓக் கட்டையின் இருபக்கக் காடிகளில் தானாகவே இறுகி நிற்கிறது. ஐப்பசி மழையில் கட்டை ஊதும், ஈரம் வற்றினால் சுருங்கும், இரும்போ அப்படியே இருக்கும். ஆகவே காடிக்குள் தகட்டின் இரு ஓரங்களிலும் சிறிது இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். என் முதல் கன்னாவில் அது இல்லை. தகட்டை இறுக்கியபடியே கோடையில் ஏசி அறையில் வைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது, தகட்டுக்குப் பின்னால் நகம் நுழையும் அளவுக்கு விரிசல் ஓடியிருந்தது. விற்றவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வேலை முடிந்ததும் கட்டையின் பின்தலையில் சுத்தியலால் தட்டித் தகட்டைத் தளர்த்தியிருக்க வேண்டியவன் நான்.

அடுத்தது தகடு சாய்ந்திருக்கும் கோணம். வழக்கமான கன்னாவில் அது ஏறத்தாழ 40 பாகை. ஹினோக்கி, சுகி போன்ற மென்மரங்களுக்கு அது பொருந்தும். இழை முறுக்கிய வேங்கையில் அதே கோணம் மரத்தைப் பிய்த்தெடுக்கிறது என்பதால், 45 பாகைக்குக் குறையாமல் கேட்டு வாங்குங்கள். அகலத்திலும் ஆசைப்பட வேண்டாம். 70 மில்லிமீட்டர் தகட்டைக் கடினமரத்தில் இழுக்கத் தோள் தாங்காது. ஆம், இதைத் தள்ளுவதில்லை, இழுக்க வேண்டும். முதல் நாள் பார்த்த பக்கத்துப் பட்டறை ஆசாரி, "இன்னா தம்பி, கெணத்துத் தண்ணி சேந்துற மாதிரி இஸ்துகினு கீற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது 60 மில்லிமீட்டர் தகடு போட்ட ஒன்றைத்தான் கையாள்கிறேன். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அதன் அடிப்பரப்பை நேர்விளிம்பு வைத்துப் பார்த்து, முன்முனையும், தகட்டின் கூர் வெளிவரும் வாயின் ஓரமும் மட்டும் மரத்தில் படும்படி சுரண்டிச் சரிசெய்கிறேன்.