நிவாவின் பொறியியலையும் சொல்லியிருக்கலாம்

சோவியத் காலத்து ரஷ்ய நான்கு சக்கர இயக்க வண்டியான லாடா நிவாவை, விலை மலிவான முரட்டு வண்டி என்று மட்டும் நான் படித்த ஒரு கட்டுரை குறிப்பிட்டிருப்பது அதன் பொறியியலுக்கு நியாயம் செய்வதாக இல்லை. 1977-இல் ரஷ்யாவின் டோலியாட்டி நகர ஆலையில் உற்பத்தி தொடங்கியபோது, கரடுமுரடான பாதைக்கான வாகனங்களில் பெரும்பாலானவை தனிச் சட்டகத்தின் மேல் உடலைப் பொருத்தி, பட்டை வில்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டு வந்தன. பியோத்ர் புருசோவ் தலைமையில் உருவான நிவாவோ, ஒற்றைக்கூடு உடல் (தனிச் சட்டகமின்றி உடலே சுமை தாங்கும் அமைப்பு), சுருள்வில்கள், முன்புறத்தில் இரு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் ஆகியவற்றோடு வந்தது.

இதில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை செல்கிறது. திருப்பங்களில் முன், பின் சக்கரங்கள் கடக்கும் தூரம் வேறுபடுவதை மைய டிஃபரென்ஷியல் ஈடுகட்டுவதால், காய்ந்த தார்ச்சாலையிலும் தடையின்றி ஓட்டலாம். சேற்றில் ஒரு நெம்புகோலால் அந்த டிஃபரென்ஷியலைப் பூட்டி, முன், பின் அச்சுகளை ஒரே வேகத்தில் சுழலச் செய்யலாம். கியர்பெட்டிக்கும், விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இடையே ஒரு குட்டைத் தண்டு உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் சற்றே நேர்கோட்டிலிருந்து விலகிப் பொருத்தப்பட்டால் வண்டி முழுவதும் அதிரும். பழைய நிவா வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

உதிரிச் சக்கரம் என்ஜின் மூடிக்கடியில் இருந்ததால் பின்புறம் இடம் மிஞ்சியது, ஆனால் பின்கதவு பம்பர் வரை இறங்காததால் சுமைகளை உயரத் தூக்கியே வைக்க வேண்டியிருந்தது. 1990-களில் 1.7 லிட்டர் என்ஜினுடன் வந்த 21213 மாதிரியில்தான் இக்குறை நீங்கியது.