மால்பொசிஷன் வேறு, ப்ரீச் வேறு

கர்ப்பகால ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'மால்பொசிஷன்' என்று போட்டிருந்தால் குழந்தையின் கால் கீழே இருக்கிறது, சிசேரியன்தான் ஒரே வழி என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது தவறு. நிறைமாதத்தில் இருக்கும் ஒருவர் இதைப் படித்தால் வீணாகப் பயந்துபோவார்.

பிரசவத்தில் மால்பொசிஷன் என்றால் தலை கீழேதான் இருக்கிறது, ஆனால் அது திரும்பியிருக்கும் பக்கம் தோதாக இல்லை என்று பொருள். வழக்கமாகப் பிரசவ நேரத்தில் குழந்தையின் பிடரி தாயின் வயிற்றுப் பக்கமும் முகம் தாயின் முதுகுப் பக்கமும் இருக்கும். அது அப்படியே மாறிப் பிடரி பின்பக்கம் போயிருந்தால் ஆக்ஸிபிட்டோ போஸ்டீரியர், சுருக்கமாக ஓபி என்று எழுதுவார்கள். இடுப்பு வலி கூடுதலாக இருக்கலாம், பிரசவம் இழுக்கலாம். ஆனால் இப்படி இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை வலி எடுத்தபிறகு தானாகவே திரும்பிக்கொள்ளும், கடைசிவரை திரும்பாமல் இருப்பது சுமார் 5 சதவீதப் பிரசவங்களில்தான்.

அந்தப் பதிவு சொல்வதுபோல் கால் அல்லது புட்டம் கீழே இருக்கும் நிலைக்குப் பெயர் ப்ரீச், அது மால்பிரசன்டேஷன், அதாவது தலையின் உச்சிக்குப் பதில் வேறு பாகம் முன்னால் வரும் வகை. நிறைமாதத்தில் 3 முதல் 4 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. அதற்கும் எடுத்தவுடன் கத்தி இல்லை, தகுந்தவர்களுக்கு 37 வார வாக்கில் வயிற்றின் மேல் கைவைத்துத் திருப்பிப் பார்ப்பார்கள்.

அப்புறம், கருத்தடைக்காகக் கருப்பையில் வைக்கும் காப்பர் டி இடம் மாறியிருந்தாலும் ஸ்கேனில் மால்பொசிஷன் என்ற இதே சொல்தான் வரும். எதைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று முழு வரியையும் படியுங்கள்.