ஃபேர்ஃபாக்ஸில் வீடு வாங்கினால் மட்டும் ஏஏபி இடம் கிடைக்காது

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில், ஏஏபி (படிப்பில் முன்னேறிய பிள்ளைகளுக்கான திட்டம்) மையம் உள்ள பள்ளியின் எல்லைக்குள் வீடு வாங்கினால் பிள்ளைக்கு அதில் இடம் உறுதி என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு, பல லட்சம் டாலர் முடிவு இதை நம்பி எடுக்கப்படுவதால் சொல்லியே ஆக வேண்டும்.

மையத்தில் நடப்பது ஏஏபியின் மிக உயர்ந்த நிலையான நான்காம் நிலை முழுநேர வகுப்பு. அதற்குத் தகுதி பார்ப்பது பிள்ளையின் ஆவணத் தொகுப்பை வைத்து. காகேட், என்என்ஏடி என்ற திறன் தேர்வுகளின் மதிப்பெண்கள், ஆசிரியரின் மதிப்பீடு, வகுப்பு வேலை மாதிரிகள் எல்லாம் சேர்த்துக் குழு பார்க்கும். வர்ஜீனியா விதிப்படி ஒற்றை மதிப்பெண் மட்டும் முடிவு செய்யாது. 'கட்-ஆஃப் எவ்வளவு' என்ற கேள்வியே அதனால் பொருந்தாது. மதிப்பெண் குறைந்தாலும் பெற்றோரே பரிந்துரை கொடுக்கலாம். இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள்: கடைசித் தேதி தாண்டியபின் பள்ளியைக் கேட்கிறார்கள். இரண்டாம் வகுப்பு தொடங்கியதுமே பள்ளியின் ஏஏபி ஆசிரியரிடம் தேதியைக் கேளுங்கள். நிராகரித்தால் மேல்முறையீடும் உண்டு.

முகவரி தீர்மானிப்பது, தகுதி பெற்ற பிள்ளை எந்த மையத்துக்குப் போகும் என்பதை மட்டுமே. மையம் வேறு பள்ளியில் இருந்தாலும் தகுதி உள்ள பிள்ளை அங்கே போகலாம். பல பள்ளிகளில் உள்ளூர் நான்காம் நிலை வகுப்பும் உண்டு.

எல்லையும் நிலையானதல்ல. ஒரு பள்ளி நிரம்பி வழிந்து பக்கத்துப் பள்ளி காலியானால் கவுண்டியின் பள்ளி வாரியம் எல்லைக்கோட்டை மாற்றும். ஆகவே விற்பனை விளம்பரத்தில் உள்ள பள்ளிப் பெயரை நம்பாமல், கவுண்டியின் எல்லை தேடலில் வீட்டு எண்ணோடு பாருங்கள். வேறு பள்ளி மாவட்டத்தில் பெற்ற தகுதி இங்கே தானாகச் செல்லாது, அதையும் கணக்கில் வையுங்கள்.